பூர்வீக வீட்டுச் சாவி கைக்கு வந்தால்: செட்டிநாட்டு வீட்டிலும் சாமான்களிலும் முதல் ஓராண்டு வேலைகள்

செட்டிநாட்டு வீடு பூட்டிக் கிடக்கையில் கெடுவதைவிட, கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ திறக்கிற அந்தப் பதினைந்து நாளில் கெடுவது அதிகம். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட், பித்தளைக்குப் பவுடர், சுண்ணாம்புச் சுவருக்கு எமல்ஷன், பரணில் கிடக்கும் காகிதத்துக்குத் தீ. எல்லாமே நல்ல எண்ணத்தில் நடப்பவைதான். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர், ராயவரம் பக்கம் உங்கள் பாட்டன் கட்டிய வீட்டுச் சாவி இப்போதுதான் உங்களிடம் வந்திருக்கிறது என்றால், முதலில் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல், பட்டியல், கூரையில் ஒழுகும் தண்ணீர், சட்டம், அதற்கப்புறம்தான் துடைப்பம். இதை மாற்றிச் செய்தால் பணமும் போகும், உறவும் போகும்.

1. பங்காளிகளின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

சாவி உங்களிடம் இருப்பதால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. ஒரு வீட்டுக்கு எட்டுப் பங்கும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம். முதலில் இந்தக் காகிதங்களை ஒரே கோப்பில் சேருங்கள்: மூலப்பத்திரம், பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா (ஊருக்குள் இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு நத்தம் பட்டா), வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், காலமானவர்களின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்று. இணையத்தில் எடுக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியதைத்தான் காட்டும். உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை அநேகமாக அதற்கு முந்தையதாக இருக்கும். அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப்போட்டுப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்ல வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் நாளே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஒரு பக்க ஒப்புதல் கடிதம். அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும். சாவி யாரிடம் இருக்கும். கேட்காமல் ஆண்டுக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம். எந்தப் பொருள் வீட்டைவிட்டுப் போனாலும் எந்த இருவரின் கையெழுத்து வேண்டும். இந்தக் கடிதத்தால் யாருடைய பங்கும் கூடாது, குறையாது. கடைசி வரியை விட்டுவிட்டால் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பெண்மக்களை விட்டுவிடுவது. புள்ளிக் கணக்கில் (திருமணமான தம்பதியை ஒரு குடும்பமாக எண்ணும் நகரத்தார் கணக்கு) அவர்கள் வேறு வீடு. சட்டக் கணக்கு அப்படியல்ல. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிறகு அத்தைமார், அக்காமார் கையெழுத்து இல்லாத ஒப்புதலை நம்பி ஓடு மாற்றக்கூடத் தொடங்காதீர்கள். வெளிநாட்டிலுள்ள பங்காளி அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த பத்திரத்தை மேசை இழுப்பறையில் வைத்து மறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர்.

வீட்டைப் பிரித்தே தீரவேண்டும் என்றால் பதிவுபெற்ற பத்திரம் வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்குச் சந்தை மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஜூலைக்குப் பிறகு இவற்றின் உச்சவரம்பு பங்கு ஒன்றுக்கு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். ஆனால் முதல் ஆண்டிலேயே பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்துக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர் எழும்பிய வீட்டை ஒருமுறை பார்த்தால் காரணம் விளங்கும்.

2. எதையும் துடைப்பதற்கு முன் பட்டியல் எடுங்கள்

தூசியோடு, இருக்கிற இடத்திலேயே. ஒரு பொருள் எந்த அறையில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் தகவல்தான். எல்லாவற்றையும் முதலில் வளவில் கொண்டுவந்து குவித்துவிட்டால் அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

வீட்டுக்கு ஒரு கைப்பட வரைபடம் போடுங்கள். முகப்பு, பட்டாலை, வளவு, ரெட்டை வீடுகள் என்னும் அறைகள், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, மேல்மாடி, பரண் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்துக் குறியீடு கொடுங்கள். ‘வ.வட.3/017’ என்றால் வளவு, வடக்கு வரிசை, மூன்றாம் அறை, பதினேழாவது பொருள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு வரி: பெயர், என்ன பொருளால் ஆனது, உயரம்-அகலம்-ஆழம், எழுத்து அல்லது முத்திரை, தனி அடையாளம் (நசுங்கல், ஒட்டு, கீறல்), இன்றைய நிலை. திருட்டுப்போன பொருளைத் தேடும் காவல்துறை கேட்பதும் இதே விவரங்களைத்தான். ‘பெரிய பித்தளை அண்டா ஒன்று’ என்று எழுதிவைத்தால் எதற்கும் உதவாது.

பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயரெழுத்துகளை அப்படியே பார்த்து எழுதுங்கள். அது குடும்பத்தின் விலாசமாக (பெயர் முதலெழுத்துகளாக) இருக்கும். எந்த மருமகளுடைய சீர் என்பதும் அதிலிருந்து தெரியலாம். பழைய சாமான் சிட்டை கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். மங்குச் சாமானை (எனாமல் பூசிய இரும்புப் பாத்திரம்) கவிழ்த்து அடி முத்திரையைப் படம் எடுங்கள். ‘செக்கோஸ்லோவாகியா’ என்றிருந்தால் அது 1918-க்கு முந்தையதாக இருக்க முடியாது. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. இந்த ஆண்டுக் கணக்கு நான்காம் படியில் சட்டத்துக்குத் தேவைப்படும்.

கைப்பேசிப் படமே போதும். பொருளுக்கு நான்கு படம்: முன், பின், முத்திரை, சேதம். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். படத்தின் கோப்புப் பெயர் பொருளின் எண்ணாகவே இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள பங்காளியிடம் கொடுங்கள்.

எண்ணை எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பெயிண்டோ ஸ்டிக்கரோ நகப்பூச்சோ வேண்டாம். உலோகத்துக்கும் மங்குக்கும் அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசினைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பூசி, காய்ந்ததும் நிறமி மைப் பேனாவால் எழுதி, மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்க வேண்டும். பின்னால் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் சுவடில்லாமல் போய்விடும். வார்னிஷ், அரக்கு பூசிய மரச்சாமானில் இதைச் செய்யக் கூடாது. அசிட்டோன் வார்னிஷையும் சேர்த்துக் கரைத்துவிடும். அவற்றுக்குப் பருத்தி நாடாவில் அட்டை கட்டுங்கள். துணிக்கு நாடாவை இரண்டு தையல் போட்டுப் பிடிக்கலாம். காகிதத்துக்குப் பின்பக்க மூலையில் 2பி பென்சில்.

இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஒரு நாளைக்கு ஐம்பது பொருளுக்கு மேல் ஓடாது. நடுத்தர வீட்டுக்கே இரண்டு, மூன்று மாத வார இறுதிகள் போய்விடும். முகப்பிலிருந்து தொடங்காமல், பூட்டு பலவீனமான அறையிலிருந்து தொடங்குங்கள்.

3. ஐப்பசிக்கு முன் கூரை

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் இரண்டாம் பாதியில் தொடங்கிவிடும். கூரை வேலை ஆவணிக்குள் முடியவேண்டும். புரட்டாசியில் கொத்தனார் கிடைக்கமாட்டார். எல்லா வீட்டுக்காரரும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். முதல் ஆண்டுச் செலவில் முக்கால் பங்கு இங்கேயே போனாலும் கவலைப்படாதீர்கள்.

மழை பெய்யும் ஒரு நாள் வீட்டுக்குள் நின்று, ஒழுகும் ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். வெயிலில் கூரைமேல் ஏறித் தேடினால் பாதிதான் கண்ணில் படும். பார்க்க வேண்டியவை: உடைந்த, நழுவிய ஓடு, முற்றத்தைச் சுற்றி ஓட்டு விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் தகர வாய்க்காலில் சருகு அடைப்பு, மட்டப்பாவில் (தட்டையான மொட்டைமாடியில்) தண்ணீர் தேங்கும் பள்ளம், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று. கன்றை வெடுக்கென்று பிடுங்கினால் வேர் சுவரையும் பெயர்த்துக்கொண்டு வரும். வெட்டி, வேரைப் பட்டுப்போக வைத்து, பிறகு சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.

சிமெண்ட் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வீடுகளின் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது சுவருக்குள்ளேயே மேலே ஏறும், உப்பு பூக்கும், இரண்டு மழைக்குள் பூச்சு பொருமிக்கொண்டு விழும். விழும்போது உள்ளே இருக்கும் பழைய வழவழப்புப் பூச்சையும் உரித்துக்கொண்டு போகும். எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. பொத்தல் அடைக்கவும் சுண்ணாம்புதான். சுட்ட சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது ஒரு மாதம் ஊறவிட்டு, சலித்த மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைக்க வேண்டும். முட்டை வெண்கருப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் இப்போதும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். ‘சுண்ணாம்போடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்’ என்று சொல்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தில் ‘சிமெண்ட் எங்கும் கூடாது’ என்று எழுதி, பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை முதல் மழைக்குப் பிறகு கொடுங்கள்.

மின்சாரத்தையும் இதோடு முடித்துவிடலாம். மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரின் ரப்பர் உறை தொட்டாலே உதிரும். தேக்கு விட்டமுள்ள வீட்டில் அது நெருப்புக்கு வைத்த திரி. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் போடுங்கள். வீட்டைப் பூட்டும்போது மெயினை அணையுங்கள்.

4. சட்டம்: எதைப் பதிவு செய்ய வேண்டும், எதை எடுத்துப் போகக் கூடாது

தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-இன்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள், கைவினைப்பொருள் தொல்பொருள் ஆகும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஏடு, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். ஆகவே 1940-களில் ரங்கூனிலிருந்து வந்த பேரேடுகூட இந்த வரம்புக்குள் வந்துவிடலாம்.

வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் சில வகைகளைக் கட்டாயம் பதிய வேண்டும்: கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றில் ஆன சிற்பங்கள், எல்லா வகை ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள். சாமி அறை ஐம்பொன் விக்கிரகமும் பழைய தஞ்சாவூர்ப் படமும் நூறு ஆண்டு கடந்தவையானால் இதில் அடங்கும். அண்டா, நாற்காலி, கண்ணாடி அடங்காது. பொருள் உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பதிவு அலுவலரிடம் படிவம் 7-ஐப் புகைப்படங்களோடு கொடுக்க வேண்டும். இந்த வகைப் பொருள்களை மட்டும் பட்டியலில் முதலில் முடித்துவிட்டால் இது ஒரு பிற்பகல் வேலை. முன்பே பதிந்திருக்கிறதா என்று தாத்தாவின் கோப்பில் தேடுங்கள். இந்தச் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தபோது பல வீடுகளில் பதிந்திருக்கிறார்கள். பதிந்த பொருள் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

தொல்பொருள் எதையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ‘பாட்டி கும்பிட்ட சாமிதானே’ என்று பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போகும் உறவினருக்குக் காத்திருப்பது ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. இதை ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. நூறு வயது ஆகாத பொருள் என்றால், முத்திரை ஆண்டுக் கணக்கு உங்கள் பக்கம் பேசும்.

யானைத் தந்தம், புலித்தோல், மான் கொம்பு இருந்தால் அது வேறு சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். விற்கவும் கூடாது, பரிசாகக் கொடுக்கவும் கூடாது. தரை தோண்டும்போது புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும்.

காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவுக்குச் சாமான் போட நினைப்பவர்கள் பட்டியலும் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் வண்டி ஏற்ற வேண்டாம். தூண், கதவு, நிலை மூன்றையும் வீட்டின் உடம்பாக நினையுங்கள். நிலையைக் கழற்றினால் சுவர் இறங்கும்.

5. சுத்தம்: குறைவாகச் செய்வதே வேலை

ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் வார்த்தது. ஆசிட் பட்டால் மேல்நிறம் கரையும், அந்தப் பளபளப்பு பிறகு வராது. வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். எப்போதாவது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். ஆள் நடந்தால் தானே மெருகேறும் தரை இது.

பித்தளையைப் பளபளவென்று ஆக்குவது என்றால் அதன் மேல்தோலைச் சீவுகிறோம் என்று பொருள். புளியோ பவுடரோ, ஒவ்வொரு தேய்ப்பிலும் வெட்டெழுத்து கொஞ்சம் மங்கும். அம்மோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம், தட்டி வளைத்த பித்தளையில் விரிசல் விடும். புழங்கும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். வைத்துப் பார்க்கும் பாத்திரத்துக்கு உலர்ந்த துணி. விக்கிரகத்தின் கருமையைக் கிளறவே வேண்டாம்.

மங்குத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் உதிர்ந்த இடத்தில் துரு பிடித்துப் பரவும். நடுவே துணி வையுங்கள். ஊறப்போடாதீர்கள். பழைய மங்கில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் விருந்தினருக்கு அதில் சாப்பாடு போடுவது வேண்டாம், படத்துக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பெல்ஜியம் கண்ணாடியில் தெளிப்பான் அடிக்காதீர்கள். திரவம் விளிம்பு வழியாகப் பின்னால் இறங்கி ரசத்தைக் கறுக்க வைக்கும். ரசம் போனதற்குப் புது ரசம் பூசுவது பழைய கண்ணாடியைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு ஈரத்துணி எமன். பலகைமேல் துணி, துணிமேல் சுண்ணப்பொடியும் கோந்தும், அதன்மேல் தங்க ரேக்கு. தண்ணீர் பட்டால் நடு அடுக்கு ஊதி, தங்கம் கழன்றுவிடும். வெளிச்சுவரில் மாட்டியிருந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்று போக இடம் விடுங்கள். முன்பக்கக் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. உதிரத் தொடங்கிவிட்டால் படத்தைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி வைத்துவிட்டு, தேர்ந்தவரைக் கூப்பிடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. ஆலோசனை கேட்க அங்கிருந்து தொடங்கலாம்.

பட்டுப் புடவைகளைக் கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். ஜரிகை மடிப்பில்தான் முறியும்.

6. பூச்சியும் ஈரமும்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஈரமானி இரண்டு வாங்கி, ஒன்றை வளவு அறையிலும் ஒன்றைப் பெட்டகத்துக்குள்ளும் வையுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும். இந்த வீடுகளின் மருந்து காற்றுதான். மழை இல்லாத நாளில் முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை நேர்கோட்டில் எல்லாக் கதவையும் திறந்துவிட ஒரு ஆள் வாரம் இருமுறை வரவேண்டும். செலவிலேயே மிகச் சரியான செலவு அந்த ஆளின் சம்பளம். கார்த்திகையில் மட்டும் ஈரக்காற்று உள்ளே வராமல் மூடியே வைக்கலாம்.

பொடி உதிர்ந்தால் எந்தப் பொடி என்று பாருங்கள். மாவுபோல மெல்லியதென்றால் மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. கசகசாபோல மணிமணியாக இருந்தால் உலர்மரக் கரையான். சுவரில் மண்கோடு என்றால் நிலத்துக் கரையான். பர்மாத் தேக்கின் வைரத்தை (முற்றிய உள்மரத்தை) இவை எளிதில் தொடா. படச்சட்டத்தின் பின்பலகை, பெட்டியின் அடிப்பலகைபோன்ற மட்டமரத்தில்தான் குடியேறும். கரையான் மருந்து அடிக்க வருபவர் சுவரோரம் அடிக்கு ஒரு துளை போடுவார். ஆத்தங்குடிக் கல்லில் துளை வேண்டாம், வெளிச்சுவர் மண்ணிலும் கல் இணைப்பிலும் மட்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

புத்தகம், துணியில் பூச்சி இருந்தால் காற்றுப்புகாத பாலித்தீன் பையில் அடைத்து, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்து ஒரு முழு நாள் பையைப் பிரிக்காமல் வையுங்கள்; உடனே பிரித்தால் வியர்த்து நனையும். ஓவியம், தந்தம், வண்ணம் பூசிய மரம், கண்ணாடித்தகட்டுப் புகைப்படம் ஆகியவற்றுக்கு இது ஆகாது.

7. பரணில் இருக்கும் காகிதம்

சாமான்களைவிட இதுதான் அரிது, இதைத்தான் முதலில் எரிக்கிறார்கள். பேரேடு, ஐந்தொகை (இருப்புக் கணக்கு), கடைப் பொறுப்பாளரான மேலாளுக்கு எழுதிய கடிதம், கப்பல் சீட்டு, இசைகுடிமானம் (திருமணப் பதிவுப் பத்திரம்), கல்யாண அழைப்பிதழ், கட்டுமானக் கணக்கு. தேக்கு எந்தக் கப்பலில் வந்தது, கொத்தனுக்கு நாள்கூலி என்ன என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

செல்லோடேப், லேமினேஷன், ரப்பர் பேண்ட் மூன்றும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுங்கள், ராமபாணப்பூச்சியைத் தூரிகையால் தட்டுங்கள், அமிலமற்ற காகிதத்தில் சுற்றிப் படுக்க வையுங்கள். ஓலைச்சுவடியைப் பிரித்து வளைக்காமல், இரண்டு பலகைக்கு நடுவே பருத்தித் துணியில் கட்டுங்கள். எண்ணெய் பூசுவதைச் சுவடி நூலகத்தாரிடம் விட்டுவிடுங்கள்.

கொடுக்க வேண்டும் என்றால் இடமிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களிலிருந்து பிறந்த ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இயங்குகிறது. அசலைத் தர மனமில்லாதவர்கள் மின்னுருவாக்கத்துக்கு மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். யாரிடம் கொடுத்தாலும் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அசல் யாருடையது, எப்போது திரும்பும், யார் வெளியிடலாம் என்று எழுதி வாங்குங்கள்.

8. வீட்டில் கல்யாணம் வந்தால்

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். எந்த அறைகள் விருந்தினருக்கு, எவை பூட்டியிருக்கும் என்று பிரியுங்கள். பட்டியலிட்ட பொருள்களைப் பூட்டும் அறைக்கு மாற்றி, மாற்றிய இடத்தைப் பட்டியலில் குறியுங்கள். பந்தல்காரர் தூணில் ஆணி அடிக்கக் கூடாது; துணி சுற்றிக் கயிறு கட்டட்டும். அலங்கார விளக்குக்கு வீட்டு ஒயர் வேண்டாம், தனி ஜெனரேட்டர் இணைப்பு எடுங்கள். வெள்ளையடிப்பது சுண்ணாம்பு மட்டுமே. வழவழப்பான பழைய பூச்சின்மேல் அதுவும் வேண்டாம். மழையில்லாத மாதமானாலும் மட்டப்பாவில் சமையல் கொட்டகை போடவிடாதீர்கள்.

இவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி அடுப்படியிலும் முகப்பிலும் ஒட்டுங்கள். மேஸ்திரியிடம் வாயால் சொன்னது மறுநாள் வரும் ஆளுக்குத் தெரியாது. வாடகைப் பாத்திரமும் வீட்டுப் பாத்திரமும் ஒரே தொட்டியில் கழுவப்பட்டால் கலந்துபோகும் என்பதால், வீட்டுப் பாத்திரத்துக்குத் தனி ஆள், தனி இடம். கடைசிப் பந்தி எழுந்த அன்று இரவே பட்டியலை வைத்து எண்ணிவிடுங்கள். மறுநாள் காலையில் வாடகை வண்டி புறப்பட்டுவிடும்.